ஆறாவது சுவர்

எனக்கு டீயில் சர்க்கரை வேண்டாம், சார். வியாதி ஒன்றும் கிடையாது, அக்கா போடும் டீக்குப் பழகிப்போன நாக்கு. அவள் சர்க்கரையை மறந்துவிடுவாள், மறந்ததை ஒப்புக்கொள்ளவும் மாட்டாள். "இனிப்பு வேணும்னா என் முகத்தைப் பார்த்துக்கிட்டே குடிடா" என்பாள். அப்படியே குடித்துக் குடித்து இந்த வயதாகிவிட்டது.

நீங்கள் மரியாதையாகக் கேட்கிறீர்கள், நானும் ஒளிக்காமல் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் பெண் ஓவியர்களுக்காக என்னைவிட அதிகம் பாடுபட்ட ஆள் கிடையாது. இது நானே சொல்லிக்கொள்வது இல்லை. எனக்குக் கேடயம் கொடுத்தவர்கள் மேடையில் சொன்னது.

நான் நகர ஓவியக் கூடத்தில் காட்சிப் பொறுப்பாளன். எந்தப் படம் எந்தச் சுவரில், எந்த உயரத்தில், எந்த விளக்குக்குக் கீழே என்பதெல்லாம் என் வேலை. படத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் சின்ன அட்டையை எழுதுவதும் நான்தான். அட்டை எழுதுவதில் எனக்கு நல்ல பெயர். வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பதைவிட அட்டையைத்தான் அதிக நேரம் பார்ப்பார்கள். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் வெளியே சொல்வதில்லை.

எங்கள் இயக்குநர் அம்மாவுக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். ஒருநாள் கிடங்கிலிருந்து தலையெல்லாம் தூசியோடு மேலே ஏறி வந்தார்.

"கீழ ஒரு கிடங்கு நிறையப் படம் இருக்கு. பொம்பளை வரைஞ்சதுன்னு போட்டிருக்கிறது ரெண்டே ரெண்டு. அதுல ஒண்ணு பூந்தொட்டி. உங்களுக்கு வெட்கமாவே இல்லையா?"

"பூந்தொட்டி நல்லா இருக்கும் மேடம்" என்றேன்.

"அடுத்த காட்சிக்குப் பெரிய அறை முழுக்கப் பெண்கள்தான். எந்தக் காலத்தை எடுத்துக்கிட்டாலும், எந்தப் பாணியை எடுத்துக்கிட்டாலும், பெரிய பேர் ஒண்ணுக்குப் பின்னாடி ஒருத்தி நின்னுக்கிட்டிருப்பா. தேடிக் கொண்டு வாங்க."

நான் தேடினேன், சார். மனசாட்சிக்கு விரோதமில்லாமல் தேடினேன். அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அப்பாவுக்குக் கண் மங்கியதும் அவர் பெயரில் வரைந்த மகள் இருந்தாள். கணவன் தன் கையெழுத்தைப் போட்டு விற்ற படங்களை வரைந்த மனைவி இருந்தாள். நண்பர்கள் எல்லாம் வெயிலில் பலகையோடு போய்ப் புகழ் வாங்கி வர, வீட்டு வாசலைத் தாண்டவிடாததால் வாசல்படியையே வரைந்து தீர்த்தவள் ஒருத்தி. பழைய ஏடுகளில் இவர்களுக்கு ஆளுக்கு ஒரு வரி. இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் மாணவி, அவ்வளவுதான். பெண்கள் இருந்தார்கள். படங்கள்தான் போன இடம் தெரியவில்லை. வெறும் வரியைச் சுவரில் மாட்ட முடியாதே.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது பின்னறைக் கதவு திறந்திருந்தது. அக்கா வரைந்துகொண்டிருந்தாள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேனே என்று என் நெற்றியிலேயே அடித்துக்கொண்டேன்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் பொம்மைக் கம்பெனியில் கண் வரைகிறவளாக இருந்து ஓய்வு பெற்றவள். பொம்மைத் தலைகள் மொட்டை மொட்டையாகத் தட்டில் வந்து நிற்கும். தூரிகையின் நுனியை உதட்டில் வைத்து ஓர் இழுப்பு இழுத்துக் கூராக்கிக்கொண்டு கருவிழியைப் போடுவாள். பிறகு ஓரத்தில் கட்டை விரலால் மெல்ல ஓர் ஒற்று. அதிகப்படி வண்ணம் விரலோடு வந்துவிடும், அந்த இடத்தில் ஒரு மினுக்கம் நிற்கும். அதற்குப் பிறகுதான் பொம்மை நம்மைத் திரும்பிப் பார்க்கும். வேலையை விட்ட பிறகும் உதடும் விரலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

யார் பாணியும் அவள் கையில் நிற்கும். நான் கொண்டுவரும் கலைப் புத்தகங்களைப் புரட்டி, பார்த்த மாத்திரத்தில் அதே போல வரைந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். புத்தகத்தில் உள்ள பெரிய மனிதர்கள்மேல் அவளுக்கு மட்டுமரியாதை கிடையாது. "இதை இவன் பொண்டாட்டிதான் முடிச்சிருப்பா. திரைச்சீலை மடிப்பைப் பாரு, இவ்வளவு பொறுமை இவனுக்கு ஏது?" என்பாள். எங்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போன பிறகு அவள் எனக்குச் சமைத்தாள், நான் அவளுக்குப் புத்தகம் கொண்டுவந்தேன். சண்டை சச்சரவு இல்லாத வீடு.

"அக்கா, செத்துப்போன பொம்பளைங்க வரைஞ்ச மாதிரி வரைய முடியுமா?" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன, உயிரோட இருக்கிறவளா என்னை யாரும் நினைச்ச மாதிரியும் தெரியலையே" என்றாள். விஷயத்தை முழுக்கச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "ஒரே ஒரு நிபந்தனைடா. கடைசியில ஒரு படம் என் பேர்ல மாட்டணும். சொந்தப் பேர்ல" என்றாள்.

"இது ஒரு பெரிய விஷயமா?" என்றேன். சொன்னபோது மனதாரத்தான் சொன்னேன்.

எங்கள் பெரிய அறையில் தடுப்புச் சுவர்கள் ஆறு. ஆறாவதில் தீயணைப்புக் குழாயும் 'தொடாதீர்கள்' பலகையும் இருக்கும். ஆகவே ஐந்து பெண்கள் என்று முடிவு செய்தோம். காட்சிக் கையேட்டில் அவர்களுக்குப் பொருத்தமான பெயர்கள் வைத்தேன், வீட்டில் நாங்கள் பட்டப்பெயர் சொல்லித்தான் பேசிக்கொள்வோம். மூத்தவள் அரண்மனைக்காரி. கண் மங்கிய அரசவை ஓவியரின் மகள், ஒற்றை மயிர்த் தூரிகையில் அரசனின் மீசையை வரைந்தவள். அடுத்தவள் ஆற்றங்கரைக்காரி. ஒளியைத் துரத்திய கூட்டத்தில் ஒருத்தி, துணி துவைக்கிற பெண்களின் ஈரக் கைகளில் அதைப் பிடித்தவள். மூன்றாமவள் கோணல்காரி. முகத்தைத் துண்டு துண்டாக உடைத்து அடுக்கியவள், படங்களைக் கணவன் தன் பெயரில் விற்றுவிட்டான். நான்காமவள் கனவுக்காரி. ஆண்களின் கனவுப் படங்களுக்கெல்லாம் மாடலாக நின்றவள், அவளுடைய கனவை யாரும் கேட்டதில்லை. கடைக்குட்டி கோட்டுக்காரி. வெள்ளைமேல் வெள்ளையாகப் பூசி ஒரு கோடு இழுப்பாள். பார்த்தவர்களெல்லாம் உன் பிள்ளை கிறுக்கியதா என்று கேட்டார்களாம்.

அந்த மாதங்களைப்போல நாங்கள் இருவரும் சிரித்ததே இல்லை. சாப்பாட்டு மேசையில் அவர்களுக்கு மாமியார் பார்த்தோம், நோய் பார்த்தோம். ஒரே விஷயத்தில்தான் தகராறு வரும், சாவு.

"கோட்டுக்காரியையும் சின்ன வயசுலயே சாகடிக்கணுமா? இவளாவது கிழவியாகி, பல்லெல்லாம் விழுந்து, நிம்மதியா இருக்கட்டுமேடா."

"கிழவியானா யாரும் ஐயோ பாவம்னு சொல்ல மாட்டாங்கக்கா."

"பாவம்னு சொன்னாத்தான் படத்தைப் பார்ப்பாங்களா?"

"படத்தைப் பார்ப்பாங்க. அழ மாட்டாங்க."

மறுநாள் கோட்டுக்காரியை ஏணியிலிருந்து விழ வைத்தேன்.

வேலையில் நான் அலட்சியம் காட்டியதாக யாரும் சொல்ல முடியாது. பழைய சந்தையில் யாருக்கும் வேண்டாத தாத்தாக்களின் படங்களை வாங்கி, தாத்தாவைச் சுரண்டிவிட்டுத் துணியை மட்டும் எடுத்துக்கொண்டேன். துருப்பிடித்த ஆணிகளாகப் பார்த்துப் பொறுக்கினேன். மிதமான சூட்டில் வாட்டி வெடிப்பு விழச் செய்தேன். வெள்ளை விஷயத்தில்தான் மெனக்கெட வேண்டியிருந்தது. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் வெள்ளை புதுச் சரக்கு, பழைய படத்தில் இருந்தால் சோதனையில் பல்லைக் காட்டிவிடும். அந்தக் காலத்தில் எல்லோரும் பூசியது ஈயத்தில் செய்த வெள்ளை. அதையே தேடி வாங்கி எண்ணெயில் குழைத்துக் கொடுத்தேன்.

ஈயம் விஷம் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். நான் கையுறை மாட்டி, மூக்கில் துணி கட்டி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் குழைப்பேன். உடம்பு விஷயத்தில் நான் எப்போதும் ஜாக்கிரதை. அக்கா தூரிகையை உதட்டில் வைத்து இழுப்பதையும் அன்றாடம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்லலாம் என்றுதான் இருந்தேன். சொன்னால் பயந்துவிடுவாள், பயந்த கையில் கோடு நேராக ஓடாது. சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன்.

கனவுக்காரியை முடிக்கும்போது வயிற்று வலி என்றாள். கோட்டுக்காரியின்போது கை கொஞ்சம் நடுங்கியது. அந்த நடுக்கம் அப்படியே கோட்டில் இறங்கியதைப் பார்த்து எனக்குப் புல்லரித்துவிட்டது. 'ஒரு காலத்தின் பதற்றம் இந்தக் கோட்டில் அதிர்கிறது' என்று அட்டையில் எழுதினேன். அந்த வரியை எத்தனை பேர் படம் பிடித்துக்கொண்டு போனார்கள் தெரியுமா, சார்.

காட்சி திறந்தது. கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். படங்கள் எங்கே கிடைத்தன என்று கேட்டவர்களிடம் ஒரு பழைய வீட்டுப் பரணில் என்றேன். பரணில் எதுவும் இருக்கலாம் என்று மனிதர்கள் நம்பத் தயாராக இருக்கிறார்கள். வயதான அம்மாக்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்கு முன்னாடி இவ்வளவு பேர் இருந்திருக்காங்களே தம்பி" என்று கண் கலங்கினார்கள். இயக்குநர் அம்மா முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு எதுவும் தெரியாது, அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

அக்காவும் வந்தாள். பீரோவில் மடித்து வைத்திருந்த நல்ல உடையை உடுத்தியிருந்தாள். ஓர் ஓரமாக நின்று மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆற்றங்கரைக்காரியின் முன்னால் கல்லூரிப் பெண் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். "இவங்க மட்டும் இப்ப இருந்திருந்தா கையைப் பிடிச்சு ஒரு வார்த்தை பேசியிருப்பேன்" என்று தோழியிடம் சொன்னாள்.

அக்கா கையை நீட்டினாள். "நான்தாம்மா வரைஞ்சேன். பேசு."

அந்தப் பெண் அன்பாகச் சிரித்தாள், பிறகு காவலாளியைக் கூப்பிட்டாள்.

நான் ஓடிப்போய், "என் அக்காதான். கொஞ்சம் உடம்பு சரியில்லை" என்றேன். அது பொய் இல்லை, முந்தைய நாள் அவளுக்கு வயிறு சரியில்லாமல்தான் இருந்தது. நீட்டிய கை அப்படியே நின்றிருந்தது. அதைப் பிடித்து வெளியே அழைத்து வந்தேன்.

வீட்டுக்கு வந்தோம். டீ போட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆறாவது சுவர் காலியா இருக்கே."

"அதுல தீயணைப்புக் குழாய் இருக்குக்கா."

"அதுக்குப் பக்கத்துல மாட்டு. எனக்கு இடம் பெருசா வேணாம். பேர்தான் வேணும்."

எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பொறுமையாக எடுத்துச் சொன்னேன். இது மறக்கப்பட்டவர்களின் காட்சி, உயிரோடு வீட்டில் டீ போடுகிறவளை எப்படி மறக்கப்பட்டவள் என்று அட்டையில் எழுதுவது, படிக்கிறவன் சிரிக்கமாட்டானா என்றேன். "எனக்குக் கோபம் வருதுடா. இத்தனை வருஷத்துல முதல் தடவையா உன்மேல கோபம் வருது" என்றாள். நாளைக்கே இயக்குநர் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லப்போவதாகவும் சொன்னாள்.

நீங்களே சொல்லுங்கள், சார். அவள் போய்ச் சொன்னால் யாருக்கு நஷ்டம்? அந்த ஐந்து பேருக்குத்தான். இப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்த பெண்கள், மறுபடி இருட்டுக்குப் போய்விடுவார்கள். ஒருத்திக்காக ஐந்து பேரைப் பலி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் அப்படி வளர்க்கப்பட்டவன் இல்லை. என்னை வளர்த்தது அவள்தான்.

ஊருக்கு வெளியே ஓர் இல்லம் இருக்கிறது. மனம் தளர்ந்தவர்களுக்கானது, மரங்கள் நிறைய. உடம்பைக் காட்டிவிட்டு வரலாம் என்று சொல்லிக் காலையில் அழைத்துப் போனேன். டாக்டர் நல்ல மனிதர், நிதானமாகக் கேட்டார்.

"உங்க தொழில் என்னம்மா?"

"படம் வரையுறது. நகரக் கூடத்துல அஞ்சு பொம்பளைங்க படம் மாட்டியிருக்கே, அந்த அஞ்சு பேரும் நான்தான்."

"அவங்க எல்லாம் வேற வேற நூற்றாண்டுன்னு போட்டிருந்ததே?"

"ஆமா. அரண்மனைக்காரிதான் ரொம்பக் கஷ்டம், மீசைக்கு மட்டும் நாலு நாள் ஆச்சு. கோட்டுக்காரி ஏணியில இருந்து விழுந்ததுல எனக்குச் சம்மதமே இல்லை."

டாக்டர் எழுதிக்கொண்டார். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, எனக்கு அவளைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது. டாக்டர் என் பக்கம் திரும்பி, அக்கா வரைவதுண்டா என்று கேட்டார். பொம்மைக்குக் கண் வரைவாள் என்றேன். நானும் பொய் சொல்லவில்லை. கை நடுக்கத்தைப் பார்த்துவிட்டு எவ்வளவு நாளாக என்று கேட்டார். வயதாகிறதே என்றேன். வண்ணம், தூரிகை எதையும் கையில் கொடுக்கவேண்டாம், கண்டால் பதறுவாள் என்று நானாகவே சொல்லிவிட்டு வந்தேன். அவள் ஜன்னலில் நின்று நான் போவதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து நானே டீ போட்டேன். சர்க்கரை போட்டேன், சகிக்கவில்லை.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பக்கத்து நாட்டுக் கூடம் ஒன்று ஐந்து படங்களையும் இரவல் கேட்டது. அனுப்புவதற்கு முன் பரிசோதனைக்கு ஓர் அம்மா வந்தார். வெள்ளையைச் சோதித்தார், சரி. துணி சரி, ஆணி சரி, வெடிப்பு சரி. நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பிறகு அவர் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஓரங்களைப் படம் எடுத்தார். அந்தப் படங்களைத்தான் நீங்கள் மேசைமேல் பரப்பி வைத்திருக்கிறீர்கள்.

அரண்மனைக்காரியின் அரசன் கண்ணோரத்தில் ஒரு கட்டை விரல் ரேகை. ஆற்றங்கரைக்காரியின் தண்ணீரில் ஒன்று. மற்ற மூவரிடமும் ஒவ்வொன்று. மூன்று நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஐந்து பெண்களுக்கும் ஒரே கட்டை விரல், அதன் நடுவில் பிறை போல ஒரே தழும்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான். இந்தக் கட்டை விரலை மறைக்கத் தோன்றவில்லை. ஆணியின் துருவைக்கூடப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அந்தக் கையைப் பார்க்கவில்லை. அந்தக் கை பரிமாறியதைத்தானே சிறு வயதிலிருந்து சாப்பிட்டேன், அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

தழும்பு எப்படி வந்தது என்று கேட்டீர்கள். எனக்கு நாலைந்து வயது இருக்கும். அவளுடைய வண்ணப் பென்சிலைக் கேட்டேன், இதை முடித்துவிட்டுத் தருகிறேன் என்றாள். நான் கதவைச் சாத்தினேன். அவள் விரல் கதவிடுக்கில் இருந்தது. அம்மா வந்து கேட்டபோது காற்றில் கதவு சாத்திக்கொண்டது என்று அக்காவே சொல்லிவிட்டாள். இதுவரை நானும் காற்று என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். வரையச் சொன்னவன் நான். விஷம் என்று தெரிந்து குழைத்துக் கொடுத்தவன் நான். அவள் வாயில் அது போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவன் நான். உண்மையைச் சொன்னதற்காக அவளைப் பைத்தியம் என்று அடைத்தவனும் நான்தான். தெரிந்தேதான் செய்தேன், யாரும் தூண்டவில்லை. ஆனால் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவளை வெளியே கொண்டுவந்துவிட்டீர்களா? நல்லது. ரத்தத்தில் ஈயம் இருக்கிறது, மருந்தில் குறைந்துவரும் என்கிறாரா டாக்டர்? அதுவும் நல்லதுதான். இயக்குநர் அம்மா குழாயைக் கழற்றி வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, ஆறாவது சுவரை அவளுக்கே கொடுத்துவிட்டாரா? பென்சிலில் வரைகிறாளாக்கும். என்ன படம்? பாதி சாத்திய கதவு, இடுக்கில் ஒரு சின்னக் கட்டை விரல். கதவைச் சாத்துகிறவன் படத்தில் இல்லையா? நன்றாகப் பார்த்தீர்களா, சார், ஓரத்தில் எங்கேயாவது?

இல்லையா. பரவாயில்லை.

ஓர் உதவி மட்டும் செய்யுங்கள். என் சட்டைப் பையில் இருந்ததையெல்லாம் உங்கள் காவலர் வாங்கி வைத்துக்கொண்டாரே, அதில் ஓர் அட்டை இருக்கும். அக்காவை இல்லத்தில் விட்டுவிட்டு வந்த அன்றே எழுதியது. அவள் பெயர், சொந்தப் பெயர்தான், பிறந்த வருடம், ஒரு சின்னக் கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் காலி இடம். காலியாகவே விட்டுவைக்கச் சொல்லுங்கள், நான் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாகும் போலிருக்கிறது. ஆறாவது சுவரை அவளுக்குத்தான் வைத்திருந்தேன் என்பதற்கு அதுவே சாட்சி. கொஞ்சம் பொறுத்திருந்தால் ஊரே அழுதிருக்கும்.

அதன் கடைசி வரியை மட்டும் யாரும் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'கண்டெடுத்தவர்' என்று போட்டு என் பெயர் இருக்கும். அச்சடிக்கும்போது எழுத்து பெரிதாக இருக்கட்டும், சார். சின்ன எழுத்தாக இருந்தால் மனிதர்கள் மறந்துவிடுவார்கள். ஒருவர் உழைப்பை அப்படி மறந்துவிடுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?